பதினோராவது புள்ளி

திரையில் பதினொரு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. காஜா நஜ்முதீன் வைத்தது பத்து.

அவர் மறுபடியும் எண்ணினார். முதலில் இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக. எந்தப் பக்கமிருந்து போனாலும் பதினொன்றுதான் வந்தது.

"ஏம்மா தமிழ்மொழி, உன் கருவி ஒண்ணு கூடச் சொல்லுதே?"

"குறைச்சுச் சொன்னாத்தான் சார் பயப்படணும். கூடச் சொன்னா அங்க என்னமோ கெடக்குன்னு அர்த்தம்," என்றாள் தமிழ்மொழி. கருவியைப் பொருத்துவதற்காகக் கோயம்புத்தூர்க் கம்பெனி அனுப்பிய பெண். வந்து மூன்று வாரம் ஆகிறது.

"நான் பத்துதான் வச்சேன். ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேன்."

"கருவி ரெஜிஸ்டரப் படிக்காது சார். தரையத்தான் பாக்கும்."

கோட்டுச்சேரிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்தத் திடல். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு தனியார் கம்பெனி கட்டியது. ஒன்றேகால் கிலோமீட்டருக்குத் தார் போட்ட ஓடுதளம், ஒரு கொட்டகை, ஒரு அலுவலக அறை. உரிமம் இன்னும் வரவில்லை. ஆகவே விமானமும் வரவில்லை. ஓடுதளத்தின் இரண்டு ஓரங்களிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு சிறிய ரேடாரும் ஒரு கேமராவும் இருந்தன. அந்தத் தலை நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். தரையில் கட்டைவிரல் அளவுக்கு எது கிடந்தாலும், இரண்டு சுற்றிலும் அது கண்ணில் பட்டால், அலுவலகத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். புள்ளி வந்தால் காஜா போய் அதை எடுக்க வேண்டும். ஓடுதளப் பொறுப்பாளர் என்ற பதவியின் முழு விளக்கம் அதுதான்.

சின்ன வேலை என்று அவர் நினைத்ததில்லை. வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் பத்தொன்பது வருடம் ஓடுதளம் கூட்டும் வண்டி ஓட்டியவர். ஒருநாள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு, இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் டயரைக் கிழித்ததை நேரில் பார்த்தார். விமானம் ஓடுதளத்தைத் தாண்டி மணலில் போய் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரால் தெருவில் கிடக்கும் ஆணியைக்கூடத் தாண்டிப் போக முடியாமல் ஆகிவிட்டது.

இப்போது எல்லாமே வியாழக்கிழமையின் கையில் இருந்தது. அன்றைக்குச் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி வருகிறார். கருவி தேறினால் திடலுக்கு உரிமம், காஜாவுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் திடலைப் பூட்டிவிடுவார்கள். அப்போது அவருக்கு ஒரே வழிதான் உண்டு. பழைய சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டான்: விசா தயார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இதை அவர் மனைவி அமீர் நிஷாவிடம் சொல்லவில்லை. எட்டு மாதத்துக்கு முன் பெட்டியை இறக்கியபோது, "இனிமே பிளேன இங்கேருந்தே பாத்துக்கிறேன்" என்று அவளிடம் சொன்னவர் அவர். கல்யாணமாகி இருபது வருடம். அதில் சேர்ந்து இருந்தது, லீவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டு வருடம் ஏழு மாதம். அதை அவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டியிருந்தார். ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்துக்குள் அந்தத் தாள் இருக்கிறது.

ஆகவே சோதனையை வரிசை தவறாமல் செய்தார். திங்கட்கிழமை மாலை, கையேட்டில் இருந்தபடி பத்துப் பொருள்களை முப்பது அடிக்கு ஒன்றாக வைத்தார். போல்ட், நட்டு, டயர்த் துண்டு, கம்பி, இப்படி. இரவு முழுக்கப் பனியில் கிடக்க வேண்டும். காலையில் கருவியை ஓட விடும்போது அந்த மூட்டத்திலும் அதற்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் அந்தக் கோடியில் பத்தாவதை வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இருட்டி, மகரிபுத் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அமீர் நிஷா சாப்பாடு கொண்டுவந்து அலுவலகத்தில் காத்திருந்தாள். தட்டு இல்லாததால் கேரியர் மூடியில் போட்டு இடியாப்பம் தின்றார். காவலாளிக்கு நாலு முறை எச்சரிக்கை சொன்னார். எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகும் பதினொன்று.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், சரியாக நடுவில், ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. காற்றில் போகாமல் இருக்க அதன் மேல் ஒரு கருங்கல். காஜா தட்டைத் திருப்பிப் பார்த்தார். ரெஜிஸ்டரில் எழுதினார்:

"பொருள் 11: எவர்சில்வர் தட்டு ஒன்று. மேலே கருங்கல் ஒன்று. தட்டின் அடியில் பச்சைப் பெயின்டில் மூன்று பொட்டு. வைத்தவர்: தெரியவில்லை."

தாம் வைத்த பத்தையும் பொறுக்கிக்கொண்டு, தட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடித்தார்.

டீ தீர்வதற்குள் தமிழ்மொழி கூப்பிட்டாள். "சார், இப்ப பத்தொம்பது."

சைக்கிளில் ஏறுவதற்குள் அது முப்பத்து நாலு ஆனது.

ஓடுதளத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அடுத்து அரைச் செங்கல். அடுத்து மடித்த சாக்கு, அதன் மேல் கல். கவிழ்த்த மண்சட்டி, பழைய குடை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் ஓரமாக, ஒரே வரிசையில், கோணல் இல்லாமல். வேலியில் ஆடு போகும் சந்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அல்லி நின்றாள். பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்கிறவள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"எடம் புடிச்சிருக்கு பாய்."

"எதுக்கு?"

"நெல்லு காயப் போடத்தான். பின்ன என்ன, பந்தலு போட்டுக் கல்யாணமா பண்ணப் போறோம்?"

அந்த ஊர்ப் பக்கம் இடம் பிடிக்க ஆள் நிற்க வேண்டும் என்று அவசியமில்லை. பொருள் நின்றால் போதும். ரேஷன் கடை வரிசையில் காலையிலேயே பைகளும் கல்லும் நிற்கும். ஆட்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்து தங்கள் கல்லுக்குப் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த சீட்டு துண்டுக்குச் சொந்தம். போட்டவன் பெரிய ஆளா சின்ன ஆளா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. முன்னால் வைத்த கல்லைப் பின்னால் வந்தவன் தொட மாட்டான். அறுவடை சமயத்தில் தார்ச் சாலைக்கும் இதுதான் சட்டம்.

"ரோட்டுல போட வேண்டியதுதானே?"

"ரோட்ட அகலப்படுத்திட்டான். லாரி பறக்குது. நெல்லோட சேத்து எங்களையும் அரைச்சுட்டுப் போயிருவான். கொள்முதல் நெலையத்துல ஒரு கருவி வச்சிருக்கான் பாய். நாலு நெல்ல அள்ளிப் போட்டா ஈரம் இருவதுன்னு காட்டுது. பதினேழு வந்தாத்தான் எடுப்பானாம். உங்களுக்கு ஒரு கருவி, எனக்கு ஒரு கருவி. ரெண்டும் சேந்து நம்ம உசுர வாங்குது."

காஜாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயத்துக்குத் திரையில் இடம் இல்லை.

"இங்க போடலாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பத்து சாமான வரிசையா வச்சிருந்தீங்க. போல்டு, நட்டு, டயரு. யாரோ பத்து பேருக்கு எடம் புடிக்கிறீங்கன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது சோதனைக்கு வச்சதும்மா."

"அந்தத் தட்டும் சோதனைக்கா?" அல்லி முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள். "தட்டப் பாத்துட்டுத்தான் பாய் எங்களுக்குத் தைரியமே வந்துச்சு. அந்த வீட்டுலேருந்தே வைக்கிறாங்கன்னா அப்புறம் எங்களுக்கு என்ன பயம்?"

"எந்த வீடு?"

"அத நான் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்துல கலகம் மூட்டுன பாவம் எனக்கு எதுக்கு?"

எவ்வளவு கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. காஜா தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். வளைகுடாவில் யாராவது ஓடுதளத்தில் எதையாவது போட்டால் பெயர், எண், நேரம் எழுதிக்கொள்வார்கள். எழுதினாலே ஆள் நடுங்கிவிடுவான். அவர் கொட்டகைக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு, ரெஜிஸ்டரை விரித்து உட்கார்ந்தார்.

"யார் யாரு எதை வச்சீங்களோ வரிசையா வந்து பேரச் சொல்லுங்க. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதப் போறேன்."

ஒருவரும் நடுங்கவில்லை. வரிசையில் நின்று, பெயர், புருஷன் பெயர், தெரு எல்லாம் சொன்னார்கள். ஒருத்தி, "பாய், எம் மருமக பேரையும் சேத்துக்குங்க, தனி அடுப்பு" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோக்களில் வந்தார்கள். மூன்று மணிக்குப் புகழேந்தி வந்தார். பத்து மா நிலமும் ஒரு பழைய தோல் பையும் வைத்திருப்பவர். பையிலிருந்து ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினார்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றார் காஜா.

"கேப்பீங்கன்னுதான்."

"நான் எதுக்குப் பேர் எழுதுறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"ஓடுதளத்துல குப்பை போட்டவங்க பேர எழுதுறேன்."

புகழேந்தி சற்று யோசித்தார். "பரவால்ல. எழுதிக்குங்க. ஒவ்வொரு புயலுக்கும் எழுதுறான், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எழுதுறான். அப்பயெல்லாம் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நின்னவன் பேருதான் விட்டுப் போச்சு. எழுதுற எடத்துல நம்ம பேரு இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். ஆமா, நான் இன்னும் ஒண்ணும் வைக்கல. எங்க வைக்கணும்?"

பதில் வருவதற்கு முன் தோல் பையையே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

தமிழ்மொழி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "சார், எழுவத்திரண்டு. ஆனா ஒண்ணு சொல்லணும், கருவி ஒண்ணுகூட விடல. பிரமாதமா வேலை செய்யுது."

அன்றைக்கு வீட்டுக்குப் போன காஜா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அமீர் நிஷா கேட்டாள்: "என்ன, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"எவனோ ஒருத்தன் ஒரு தட்ட வச்சான் நிஷா. அதுலேருந்து எல்லாம் போச்சு."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை அவர் சமாதானத்துக்கு இறங்கினார். கொட்டகைக்கு முன்னால் விமானம் நிறுத்துவதற்கென்று போட்ட அகலமான சிமென்ட் தளம் இருந்தது. அங்கே கம்பங்கள் கிடையாது. எதைக் கொட்டினாலும் கருவிக்குத் தெரியாது.

"அல்லிம்மா, ஒரு பேச்சு. எல்லாரும் இந்தத் தளத்துல காயப் போட்டுக்குங்க. ஆனா ஓடுதளத்துல ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. நாளைக்கு அதிகாரி வர்றப்ப தளமும் காலியா இருக்கணும். அவர் போனப்புறம் மறுபடியும் கொட்டிக்கலாம். எனக்கு இந்த வேலை போனா ஊர விட்டே போகணும்மா."

கடைசி வரியைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது. அல்லி அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"ஒரு துரும்பு விழாது பாய். நாங்க காவல் போடுறோம். விழுந்தா எம் பேர மாத்திக் கூப்புடுங்க."

அரை மணி நேரத்தில் செருப்பு, செங்கல், குடை, தோல் பை எல்லாம் போயின. திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சிமென்ட் தளத்தில் நெல் மஞ்சளாக விரிந்தது. காஜா அலுவலகத்துக்கு வந்து, மூன்று நாளில் முதல் முறையாக, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பத்து மணிக்குத் திரையில் புள்ளிகள் நகர ஆரம்பித்தன.

"புள்ளி நகருமா?" என்றார் காஜா.

"நகராது சார். அதுக்கு உயிரிருந்தா நகரும்."

நெல் எங்கே கிடக்கிறது என்று புறாக்களுக்கு ஒருவரும் கடிதம் போட வேண்டியதில்லை. புறா வந்தது. மைனா வந்தது. குருவிக் கூட்டம் வந்தது. ஆள் விரட்டினால் நெல்லை விட்டுப் பறந்து, பக்கத்தில் இருந்த அகலமான, சுத்தமான, ஒரு துரும்புகூட இல்லாத ஓடுதளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த சமயம் பார்த்தன. நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டுத் தமிழ்மொழி நிறுத்திக்கொண்டாள்.

விமானத்துக்குப் போல்டைவிடப் பறவை மோசம். காஜாவுக்கு அது தெரியும். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

புகழேந்தி யோசனையோடு வந்தார். "வயல்ல கட்டுற பளபள நாடா ஒரு கட்டு இருக்கு. கட்டிட்டா வெயில்ல மின்னும். ஒண்ணு அண்டாது."

கட்டினார்கள். உண்மையிலேயே ஒன்றும் அண்டவில்லை. பகல் ஒன்றரை மணிக்குக் கடல் காற்று கிளம்பியது. நாடாக்கள் ஒவ்வொன்றாக அறுந்து, மினுமினுத்துக்கொண்டு, ஓடுதளத்தின் மேல் போய்ப் படுத்தன.

தமிழ்மொழி திரையை அவர் பக்கம் திருப்பினாள். புள்ளிகளே இல்லை, சிவப்புக் கோடுகளாக இருந்தது.

ஆனால் சொன்ன சொல்லுக்கு அல்லி வந்தாள். இருபது பெண்கள் ஓடுதளத்தின் அகலத்துக்குக் கை கோத்ததுபோல் வரிசையாக நின்று, குனிந்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். நாற்று நடுகிற நடைதான். கை மட்டும் எதிர் வேலை செய்தது. நாடா, இறகு, நெல், எவனோ எப்போதோ துப்பிய வெற்றிலைக் காம்பு, எல்லாம் மடியில் போயிற்று. வளைகுடாவில் மூன்று வண்டிகள் செய்கிற வேலை. காஜா பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் பாதி நெல் பதினேழுக்கு இறங்கி மூட்டையாயிற்று. மீதிப் பாதிக்கு வியாழக்கிழமை வெயில் வேண்டும். அதாவது, அதிகாரி சீக்கிரம் வந்து சீக்கிரம் போக வேண்டும். இப்போது அந்த ஆய்வு நல்லபடியாக முடிவதில் காஜாவைவிட ஊருக்கு அவசரம்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு அதிகாரி நெடுமாறன் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்பைச் செலவழிக்காதவர். ரெஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எழுபத்திரண்டு பெயர்களையும் படித்தார். "தோல் பை ஒன்று, உள்ளே ஆதார் நகல்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு திரையைப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"சுத்தமா இருக்கு. ஆனா சுத்தமா இருக்கா, கருவிக்குக் கண்ணு தெரியலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சோதிச்சுப் பாருங்க சார்," என்றாள் தமிழ்மொழி.

"அதுக்குத்தான் வந்தேன். நான் தனியாப் போயி ஒரு பொருள வச்சுட்டு வர்றேன். என்ன, எங்கன்னு சொல்ல மாட்டேன். கருவி சொல்லட்டும்."

போனார். வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான்கு நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. திரை காலியாகவே இருந்தது.

தமிழ்மொழி திரையின் ஓரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். காஜாவின் சட்டைப் பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, பழைய சூப்பர்வைசர்தான். பரண் மேல் இருக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கட்டிய கயிற்றை அமீர் நிஷா கொடிக்கயிறாகக் கட்டிவிட்டாள். அதை எப்படிக் கேட்டு அவிழ்ப்பது என்று யோசித்தார்.

இருபது நிமிடம் பார்த்துவிட்டு நெடுமாறன் பேனாவின் மூடியைத் திறந்தார். "வருத்தமா இருக்கு. தேறல."

அப்போது வெளியே சத்தம். "உள்ள போகக் கூடாதும்மா" என்று காவலாளி கத்த, அவனைத் தள்ளிக்கொண்டு அல்லி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் மேசை மேல் ஒரு புது ஸ்பேனரை டங்கென்று வைத்தாள்.

"பாய், நீங்க கொஞ்சம் கேளுங்க. வெளியூர்க்காரன் எவனோ ஒருத்தன் வரிசையில வராம நடுவுல வந்து எடம் புடிச்சிருக்கான். நாங்க ரெண்டு நாளாக் கட்டுப்பாடா இருக்கோம். இவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

நெடுமாறன் ஸ்பேனரைப் பார்த்தார். "இத எப்ப எடுத்தீங்க?"

"அவன் முதுகத் திருப்பின ஒடனே. வெள்ளச் சட்ட போட்டிருந்தான், ஒல்லியா..." அல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஒங்களாட்டம்தான் இருந்தான் சார்."

தமிழ்மொழி அதற்குள் பதிவைப் பின்னுக்கு ஓட்டிவிட்டாள். ஒன்பது மணி ஆறு நிமிடத்தில், ஏழாவது கம்பத்துக்கு எதிரே, மஞ்சளாக ஒரு மினுக்கு. முதல் சுற்றில் இருந்தது. அடுத்த சுற்றில் இல்லை.

"கருவி பாத்திருக்கு சார். சிவப்புப் போடறதுக்கு அதுக்கு ரெண்டு சுத்து வேணும்."

"இந்த அம்மாவுக்கு ஒரு சுத்துகூட வேணாம் போலிருக்கு," என்றார் நெடுமாறன்.

அல்லியையும் அவள் காவல் படையையும் அலுவலகத்துக்குள் உட்காரவைத்து, டீ கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு முறை வைத்தார்கள். எட்டு நிமிடத்தில் சிவப்புப் புள்ளி வந்தது. அடுத்து வைத்த நட்டுக்கும் வந்தது. அடுத்து வைத்த அவருடைய பேனா மூடிக்கும் வந்தது.

நெடுமாறன் அறிக்கையை எழுதினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாம் சரி. ஒரு வரிதான் இடிக்குது. திங்கக்கிழமை வச்ச பதினோராவது பொருள். தட்டு. வைத்தவர் தெரியவில்லைன்னு எழுதியிருக்கீங்க. மத்த எழுவத்திரண்டு பேருக்கும் அட்ரஸ் இருக்கு. மொத மொத உள்ள வந்த ஆள் யாருன்னு தெரியாம ஒரு ஓடுதளத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்குக் காலையில பேர அனுப்புங்க. போடுறேன்."

அதிகாரியின் கார் வாசலைத் தாண்டுவதற்குள் நெல் மூட்டைகள் தளத்துக்கு வந்துவிட்டன. காஜா அல்லியின் பின்னாலேயே நடந்தார்.

"அல்லிம்மா, இப்பவாச்சும் சொல்லுங்க. அந்த ஒரு பேருலதான் எல்லாம் நிக்குது."

அல்லி நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே போனாள். "மணி ரெண்டாகுது. வீட்டுக்குப் போயி மொதல்ல சாப்புடுங்க பாய்."

"சாப்பாடா முக்கியம்?"

"இன்னிக்கி அதுதான் முக்கியம்."

காஜா தட்டைச் சாட்சிப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அமீர் நிஷா சோறு போட்டு மீன் ஆணம் ஊற்றினாள். நடந்ததையெல்லாம் அவர் தேதி வாரியாகச் சொன்னார். பையிலிருந்து தட்டை எடுத்துப் பாய் மேல் வைத்தார்.

"இதுதான் அது. அடியில மூணு பச்சைப் பொட்டு இருக்கு. இத வச்சவன் யாருன்னு நாளைக்குள்ள தெரியலைன்னா..." சோற்றை அழுத்திப் பிசைந்தார். "அவன் நல்லா இருக்க மாட்டான் நிஷா."

"அப்படியெல்லாம் சபிக்காதீங்க," என்றாள் அவள், அவசரமாக.

சாப்பிட்டு முடித்து, தம் தட்டைத் தாமே கொல்லைக்கு எடுத்துப்போய்க் கழுவினார். எட்டு மாதமாக அவர் பழகிக்கொண்ட வேலை. கழுவிக் கவிழ்த்தபோது கை நின்றது. தட்டின் அடியில் பச்சையாக மூன்று பொட்டு.

தர்கா கந்தூரி விருந்துக்குப் போன தட்டு, சட்டி ஏனங்கள் வீடு மாறாமல் திரும்பி வர, ஒவ்வொரு வீட்டிலும் அடியில் ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். தம் வீட்டு அடையாளம் எது என்று இருபது வருடத்தில் ஒரு கந்தூரிக்கும் ஊரில் இல்லாத மனிதருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இரண்டு தட்டுகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்து நின்றார். அமீர் நிஷா முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"விசா மெசேஜ நானும் பாத்தேன்," என்றாள். "நீங்க பாட்டுக்குப் பத்து சாமான வச்சு யார் யாருக்கோ எடம் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்கும் இங்க ஒரு எடம் இருக்கட்டும்னுதான் சோத்துத் தட்ட வச்சுட்டு வந்தேன்."